முழங்காலும் உப்புத் தண்ணீரும்

போன வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் அடுக்குமல்லிச் செடி கருகிக் கிடந்தது. கொன்றது என் இடது முழங்கால் என்கிறார் மாடி வீட்டு மாமி. இது விஷயமாக ஒரே ஒரு கருத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொன்னதும் எழுந்துவிடுவேன், முழங்கால் விட்டால்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை மாமி நன்றாகத்தான் இருந்தார். வத்தக்குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கீழே வரும். அப்புறம் தில்லைநகரில் யாரோ நடத்திய ரெய்கி வகுப்புக்குப் போனார். சனிக்கிழமை முதல் நிலை, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் நிலை, நடுவில் தயிர்சாதம். அன்றிலிருந்து கிண்ணம் வருவதில்லை, எனர்ஜிதான் வருகிறது. ரெய்கியை உண்டாக்கிய மிகாவோ உசுயி 1922-இல் ஜப்பானின் குராமா மலையில் 21 நாள் பட்டினி கிடந்துதான் அதை அடைந்தார் என்று சொல்வார்கள். பாவம், அவருக்குத் தில்லைநகர் தெரியாது.

மாமி எனக்கு மட்டும் கொடுப்பதில்லை. பால் பாக்கெட்டுக்குக் கொடுக்கிறார், கிளம்பாத ஸ்கூட்டிக்குக் கொடுக்கிறார், போர் மோட்டாருக்குக் கொடுத்தார். மோட்டார் மறுநாளே ஓடியது. நடுவில் மெக்கானிக் வந்து 1,200 ரூபாய் வாங்கிப் போனதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"மாமா, ஒங்க முழங்கால்லே ஒரே கறுப்பா தெரியறது" என்றார் ஒருநாள். வேட்டிக்கு மேலேயே தெரிந்திருக்கிறது.

"சரி, பாருங்கோ" என்றேன்.

"சும்மா செஞ்சா பலிக்காது மாமா. எதாவது வைக்கணும். எனர்ஜி எக்ஸ்சேஞ்ச்."

இதில் மாமியைக் குறை சொல்ல முடியாது. ரெய்கியை ஹவாய்க்குக் கொண்டுபோன ஹவாயோ டகாட்டா என்ற அம்மாள் குரு நிலைக்கு 10,000 டாலர் வாங்கியவர். மாமி கேட்டது 500 ரூபாய். வைத்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு, சாப்பிட்ட கையோடு, சுவரைப் பார்த்து நாற்பது நிமிஷம் உட்காரவைத்தார். கண் சொருகியது. "பாத்தேளா, ரிலாக்ஸ் ஆயிட்டேள்!" என்றார். அந்த நேரத்தில் அப்படி உட்காரவைத்தால் எருமைகூட ரிலாக்ஸ் ஆகும்.

அடுத்த மாதம் மாமி பிராணிக் ஹீலிங்குக்கு மாறினார். அது பிலிப்பைன்ஸ் சரக்கு, சோவா கோக் சூயி என்பவர் வகுத்தது. இதில் நம்மைத் தொடவே மாட்டார்கள். கையை வீசி வீசி, உடம்பைச் சுற்றியுள்ள அழுக்கை வழித்து, பக்கத்தில் உள்ள உப்புத் தண்ணீரில் உதறுவார்கள்.

உப்பு! இதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது? என் பாட்டி இதைத்தானே ஐம்பது வருஷம் செய்தாள்? கல்லுப்பு, மிளகாய் வற்றல், காலடி மண். மூன்று சுற்று, மூன்று 'தூ', நேரே அடுப்புக்குள். நெடி வராவிட்டால் திருஷ்டி பலமாக இருந்தது என்று அர்த்தம். நெடி வந்தால் வீடே இருமும். திருஷ்டி நினைவுக்கே வராது. சான்றிதழ் கிடையாது, நிலை கிடையாது. நிலை வேண்டுமென்றால் பிரித்திருக்கலாம். முதல் நிலை, அழுகிற குழந்தை. இரண்டாம் நிலை, கல்யாணம் முடிந்து வரும் மாப்பிள்ளை. குரு நிலை, புது வீட்டுப் பூசணிக்காய். தொலைதூர சிகிச்சையும் உண்டு. பம்பாயில் சித்தப்பாவுக்கு மஞ்சள் காமாலை என்றதும் இங்கே அவர் போட்டோவைச் சுற்றிப் போட்டாள். பாட்டிக்கு எக்ஸ்சேஞ்ச் தெரியவில்லை. சுற்றுக்கு ஒரு டாலர் வாங்கியிருந்தாலும் இன்று மேலச்சித்திரை வீதியில் பாதி எங்களுடையதாக இருந்திருக்கும். நாம் அதை மூடநம்பிக்கை என்று விட்டோம். அது மணிலா வரை போய் ஸ்படிகம், விசிட்டிங் கார்டு சகிதம் திரும்பி வந்திருக்கிறது. மிளகாயை மட்டும் வழியில் எங்கோ கழற்றிவிட்டார்கள்.

சரி, உப்பை விட்டுவிடுகிறேன்.

விட முடியவில்லை. அதே உப்பைப் போட்டு வெந்நீரில் காலை வைக்கச் சொன்னார் எலும்பு டாக்டர். அதையாவது செய்திருக்கலாம். இந்தத் திருவரங்கம் வைத்தியம் தெரியாத ஊரும் இல்லை. கோயிலுக்குள்ளேயே தன்வந்திரி சந்நிதி இருக்கிறது. இடிந்துபோன ஆரோக்கியசாலையைப் புதுப்பித்த சேதியை 1493-ஆம் வருஷத்துக் கல்வெட்டு சொல்கிறது. அங்கே கஷாயம் கொடுத்திருப்பார்கள், கையை வீசியிருக்க மாட்டார்கள்.

இப்போது மாமி யோக நித்திரைக்கும் ஆள் சேர்க்கிறார். திருவரங்கத்தில்! ஒருவர் பாம்பின் மேல் படுத்திருப்பதைப் பார்க்க ஊரே வரிசையில் நிற்கிற இடத்தில், படுக்கச் சொல்லித்தர பாய்க்கு இருநூறு.

நான் பாயில் படுக்க மறுத்ததால் என் முழங்காலுக்குத் தொலைதூர சிகிச்சை தொடங்கியது. மாமிக்கு என் மனைவி கொடுத்த போட்டோவில் என் மச்சினனும் இருந்தான். உறையூரில் இருக்கிற அவன் இப்போது மலைக்கோட்டைக்குத் தினமும் ஏறி இறங்குகிறானாம். நான் அம்மாமண்டபத்தில் கடைசிப் படியைப் பார்த்தே ஒரு வருஷம் ஆகிறது.

அப்படி என் முழங்காலிலிருந்து உதறிய தண்ணீரைத்தான் மாமி பதினொரு நாள் பால்கனியிலிருந்து கீழே கொட்டியிருக்கிறார், நேராக மல்லித் தொட்டிக்குள். மாடிப்படி ஏறிப் போய்க் கேட்டேன், ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகலோடு. "பாத்தேளா, ஒங்க வலிக்கு எத்தனை வீரியம்! செடியே தாங்கலை" என்றார். உப்புக்கும் செடிக்கும் ஆகாது என்றேன். இன்று ஒருநாள் மட்டும் கோபப்படாமல் இருக்கும்படி ரெய்கியில் சொல்லியிருப்பதை நினைவூட்டினார். அன்று முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை.

நேற்று புதுச் செடி வாங்கிவந்து நட்டேன். குனிந்தவன் நிமிர முடியாமல் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் மேலிருந்து குரல் வந்தது.

"சிரமப்படாதேங்கோ மாமா. இங்கேருந்தே அனுப்பறேன்."

செடிக்குக் குடை பிடித்து வைத்திருக்கிறேன்.