தேய்மானக் கணக்கு

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்து எழுந்தவன் நான். ஒரு லேத் மெஷினுக்கு எவ்வளவு மரியாதையான வாழ்க்கை உண்டு என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். வாங்கிய தேதி, விலை, இன்சூரன்ஸ், ஏஎம்சி, வருமான வரிச் சட்டம் வருடா வருடம் அனுமதிக்கும் 15 சதவீதத் தேய்மானம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். உழைத்து ஓய்ந்து காயலான் கடைக்குப் போகும்போதுகூட அதற்கு ஒரு மதிப்பு எழுதி, நாலு பேர் கையெழுத்துப் போட்டு, கேட் பாஸ் கொடுத்துத்தான் வழியனுப்புவோம். ஒரு மெஷின்கூட எங்கள் கேட்டை அனாதையாகத் தாண்டியதில்லை.

மனிதனுக்கு அந்தக் கட்டம் கிடையாது. அடி வாங்குவதையே தொழிலாகக் கொண்ட மனிதனுக்குச் சுத்தமாகக் கிடையாது.

ஒரு வருடம் ஆண்டு விழாவில் பரிசு கொடுக்க ஒரு முன்னாள் குத்துச்சண்டை சாம்பியனை அழைத்திருந்தார்கள். கம்பெனி பெயரும் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். கம்பெனி வழக்குப் போடும், அவர் வருத்தப்படுவார். முதலில் ஒரு டிவி நடிகரைத்தான் பேசினார்கள். அவர் கேட்ட தொகையில் பழைய ஃபோர்க்லிஃப்ட் ஒன்றே வாங்கிவிடலாம். சாம்பியனோ தொகை என்ற பேச்சையே எடுக்கவில்லை. விளையாட்டு வீரனிடம் இந்த நாடு எதிர்பார்க்கிற முதல் தகுதி அதுதானே! வியாசர்பாடியிலிருந்து கோயம்பேடு, கோயம்பேட்டிலிருந்து ஓசூர் என்று இரண்டு பஸ் மாறி, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையோடு விடிகாலையில் வந்து இறங்கினார். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வலது காது கேட்காதாம். இடது பக்கம் வந்து பேசச் சொன்னார்.

மாலை ஆளுயரத்துக்கு இருந்தது. எங்கள் ஊர் ரோஜா. பாகலூர், தளிப் பக்கம் ஷெட்டுக்குள் வளர்கிற இந்த ரோஜா காதலர் தினத்துக்கு சிங்கப்பூர் வரைக்கும் பறக்கிறது. வாடிவிடக் கூடாதே என்று பறித்த கையோடு குளிர்பதன அறையில் வைத்து, குளிர்பதன வண்டியிலேயே ஏர்போர்ட்டுக்கு அனுப்புகிறார்கள். பூ வாடும் என்று தெரிந்த ஊர் இது. அந்தப் பூவைக் கட்டி யார் கழுத்தில் போடுகிறோமோ அவரும் வாடுவார் என்பதற்கு மட்டும் இதுவரை யாரும் ஒரு ஏற்பாடும் செய்யவில்லை.

ஜெனரல் மேனேஜர் அருமையாகப் பேசினார். புரொடக்‌ஷன் டார்கெட்டும் ஒரு குத்துச்சண்டைதான் என்றார். விழுந்தாலும் எழ வேண்டும் என்றார். அந்த வருடம் காண்ட்ராக்ட் தொழிலாளர்களில் எத்தனை பேரை விழத் தட்டினார் என்பது கணக்குப் பிரிவில் இருந்த எனக்குத் தெரியும் என்பதால் கைதட்டத் தாமதமாகிவிட்டது.

பிறகு சாம்பியன் மைக்கைப் பிடித்தார். தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்று இரண்டு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். தன்னை அடித்தவர்களைப் பற்றியே பேசினார்.

"சர்வீசஸ் டீம்ல ஒருத்தன் சார், அரியானாக்காரன். மூணு தபா அவன்கிட்ட தோத்தேன், ஒரு தபா ஜெயிச்சேன். அவன் லெஃப்ட்டு வர்றது கண்ணுக்குத் தெரியாது, வலிச்சாத்தான் தெரியும். இன்னிக்கும் பொங்கலுக்கு போன் பண்ணுவான். எனக்கு இந்தி வராது, அவனுக்குத் தமிழ் வராது. ரெண்டு பேரும் சிரிச்சிட்டு வெச்சிடுவோம்."

அந்த இடது கைக்கு மட்டும் பத்து நிமிடம். எச்.ஆர். மேனேஜர் வாட்சைப் பார்த்தார். டைட்டன் ஊர்க்காரர்கள் நாங்கள், நேரத்தில் கறார்.

சாம்பியன் சின்னப் பையனாக இருந்தபோது, 1980-ன் தொடக்கத்தில், முகமது அலி சென்னைக்கு வந்தார். முதலமைச்சர் எம்ஜிஆர் முன்னிலையில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். நம்ம ஊர் ராக்கி பிராஸும் அலியோடு ரிங்கில் நின்றார். அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்ததுதான் தன்னை இந்தத் தொழிலில் இறக்கிவிட்டது என்றார் சாம்பியன். அதே 1980-ல்தான் ஓசூரிலிருந்து முதல் டிவிஎஸ் 50 வெளியே வந்தது. அந்த வண்டியின் பேரப்பிள்ளைகளுக்கு ராயக்கோட்டை ரோட்டில் எந்த மெக்கானிக் ஷெட்டில் கேட்டாலும் ஸ்பேர் கிடைக்கும். அலியோடு ரிங்கில் நின்றவர்களுக்கு என்ன கிடைத்தது?

அதே பயணத்தில் டெல்லியில் அலியோடு நாலு ரவுண்டு நின்றவர் ராணுவ வீரர் கௌர் சிங். 1982 ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்றார். அர்ஜுனா வந்தது, பத்மஸ்ரீ வந்தது. பஞ்சாப் அரசு ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தது. அறிவிப்பு வந்தது 1983-ல், எங்கள் ஊரில் டைட்டன் கம்பெனி முதல் கடிகாரத்தைப் பூட்டுவதற்கும் முன்னால். 2017-ல் நெஞ்சு வலிக்கு வைத்தியம் பார்க்க வட்டிக்கடைக்காரரிடம் அவர் இரண்டு லட்சம் கடன் வாங்கி நின்றபோதும் அந்த ஒரு லட்சம் வந்து சேரவில்லை. கீழே விழுந்த குத்துச்சண்டைக்காரனுக்கு ரெஃப்ரி பத்து வரை எண்ணுவார், பத்து செகண்ட். அரசாங்கம் 34 வருடமாக 'ஒன்று' என்பதிலேயே நின்றுகொண்டிருந்தது. விஷயம் பத்திரிகையில் வந்த பிறகுதான் மத்திய அரசிடமிருந்து ஐந்து லட்சம் வந்தது. ஷாருக் கானின் கிரிக்கெட் அணியும் பணம் கொடுத்தது. ஹெவிவெயிட் தங்கத்தைத் தூக்கி நிறுத்த ஒரு கிரிக்கெட் டீம் வரவேண்டியிருந்தது. 2023-ல் பஞ்சாப் அரசு அவர் வாழ்க்கையைப் பள்ளிப் பாடப் புத்தகத்தில் சேர்த்தது. அந்த ஏப்ரலிலேயே அவர் இறந்துபோனார். பாடத்தின் கடைசியில் கேள்விகள் இருக்கும் அல்லவா? 'அறிவித்த தொகை எங்கே?' என்று இரண்டு மதிப்பெண் வினா ஒன்றைச் சேர்த்திருந்தால், ஒழுக்கமான பாடமாக இருந்திருக்கும்.

டிங்கோ சிங், 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம். ஈரல் புற்றுநோய் வந்து, வைத்தியத்துக்காக இம்பாலில் இருந்த வீட்டை விற்றார். 2021 ஜூனில் 42 வயதில் இறந்தார். அன்று டெல்லியிலிருந்து வந்த இரங்கல் செய்திகளை வரிசையாக அடுக்கினால் அந்த வீட்டுக்குக் கூரையே போட்டிருக்கலாம். லக்கா சிங், 1994 ஹிரோஷிமாவில் வெண்கலம். லூதியானாவில் டாக்சி ஓட்டினார்.

வடக்கே மட்டும்தான் இப்படி என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார வேண்டாம். சென்னைக்காரர் வி. தேவராஜன் 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார். எங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று, ஷிப்ட் முடிந்து வருகிற நூறு பேரிடம் அவர் பெயரைக் கேளுங்கள். ரங்கன் வாத்தியார் யார் என்றால் நூறு பேரும் சொல்வார்கள். டான்சிங் ரோஸ் எப்படி ஆடுவார் என்று பையைக் கீழே வைத்துவிட்டு ஆடியே காட்டுவார்கள். அவர்கள்மீது தப்பில்லை. 'சார்பட்டா பரம்பரை' நல்ல படம்தான். கற்பனைச் சாம்பியனுக்கு இருக்கிற பெரிய வசதி, அவனுக்குச் சர்க்கரை வியாதி வராது, மகள் கல்யாணம் வராது, மாதக் கடைசி வராது. துளசி ஹெலன் கற்பனை அல்ல. சென்னையின் அந்தக் குத்துச்சண்டை வீராங்கனை, 2011-ல் சங்க நிர்வாகி ஒருவர் மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார். அவர் கதையை ஆவணப்படமாக எடுக்க நார்வேயிலிருந்து இரண்டு பெண்கள் வரவேண்டியிருந்தது. கோடம்பாக்கத்திலிருந்து வியாசர்பாடி அவ்வளவு தூரம்.

சங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2012 டிசம்பரில், தேர்தலில் கோளாறு என்று இந்தியக் குத்துச்சண்டைச் சங்கத்தைச் சர்வதேசச் சங்கம் இடைநீக்கம் செய்தது. 2014-ல் இன்னொரு சங்கம் முளைத்து, அடுத்த வருடமே தன் தலைவரைத் தானே கவிழ்த்துக்கொண்டது. 2016-ல் மூன்றாவது. அந்த நாலு வருடத்தில் இந்தியக் குத்துச்சண்டையில் ஓய்வில்லாமல் உழைத்தவர் போர்டு எழுதுகிற பெயின்டர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். பையன்களோ வெளிநாட்டில் தேசியக் கொடி இல்லாமல் ரிங்கில் ஏறினார்கள். எங்கள் சிப்காட்டில் நிர்வாகம் கதவடைத்தால் லேபர் ஆபீசுக்காவது போகலாம். இங்கே கதவடைத்தவரும் தலைவர், பேச்சுவார்த்தைக்கு வந்தவரும் தலைவர், ஏர்போர்ட்டில் மாலை வாங்கியவரும் தலைவர்.

2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு அரையிறுதியில் சரிதா தேவி தோற்றதாகத் தீர்ப்பு வந்தது. அப்பீல் செய்ய 500 டாலர் கட்ட வேண்டும். கூடப் போன அதிகாரிகளின் பைக்குள் அந்த 500 டாலர் இல்லை. கணவரும் நிருபர்களும் சேர்த்துக் கட்டினார்கள். மேடையில் அழுதுகொண்டே தன் வெண்கலத்தை எதிராளியான கொரியப் பெண் பார்க் ஜி-னாவின் கழுத்தில் போட்டார் சரிதா. அதற்காக அவருக்கு ஒரு வருடத் தடை. தீர்ப்பு எழுதியவர்களுக்கு ஓட்டல், சாப்பாடு, தினப்படி.

நடுவர் தொழிலின் பொற்காலம் என்றால் 1988 சியோல். இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்து விட்டார். கொரியாவின் பார்க் சி-ஹுன் 32. மூன்று நடுவர்கள் 32-தான் பெரியது என்றார்கள். என் கீழ் வேலை பார்த்த அப்ரென்டிஸ் பையன் இப்படிக் கூட்டியிருந்தால் மறுநாளே ஊருக்கு அனுப்பியிருப்பேன். அதே ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரர் விருதை ராய் ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள். அதாவது, நீதான் எல்லோரையும்விடச் சிறந்தவன், ஆனால் தோற்றுவிட்டாய். லஞ்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று 1997-ல் ஒலிம்பிக் கமிட்டி கோப்பை மூடியது. 35 வருடம் கழித்து, 2023-ல், பார்க் சி-ஹுன் விமானம் ஏறி ஃபுளோரிடாவில் ராய் ஜோன்ஸின் பண்ணைக்குப் போய்த் தங்கத்தை அவர் கையில் கொடுத்தார். கமிட்டி கொடுக்கவில்லை, சங்கம் கொடுக்கவில்லை. முகத்தில் குத்த யாரை அனுப்பினார்களோ அவனே கணக்கை நேர் செய்தான். அதே வருடம் ஒலிம்பிக் கமிட்டி அந்தச் சர்வதேசச் சங்கத்தின் அங்கீகாரத்தையே பறித்தது. பேலன்ஸ் ஷீட் இப்படித்தான் இருக்கிறது: எதிராளிகள் வரவு, மற்றவர்கள் எல்லாம் செலவு.

எங்கள் விருந்தாளிக்கு வருவோம். விழா முடிந்து சால்வையை மடித்துக்கொண்டிருந்தவர் எச்.ஆர். மேனேஜர் பக்கம் ஒதுங்கி, "கேட்ல ஏதாச்சும் வேலை இருந்தா சொல்லுங்க சார், நைட் ஷிப்டா இருந்தாலும் பரவால்ல" என்றார். சாப்பாட்டுத் தட்டோடு நின்றிருந்த மேனேஜர் மிகவும் பண்பாகச் சிரித்தார். செக்யூரிட்டி எல்லாம் காண்ட்ராக்ட் என்றார். வயது வரம்பு என்றார். கடைசியில் உண்மையைச் சொன்னார்: "செக்யூரிட்டிக்குக் காது முக்கியம் இல்லீங்களா?"

அதை வலது பக்கமாக நின்று சொன்னார். சாம்பியன் கேட்காமலே தலையாட்டினார்.

மறுநாள் வருவதற்கு முன்பே, அன்று சாயங்காலமே வவுச்சர்கள் என் மேஜைக்கு வந்தன. மாலை, சால்வை, சுவர்க்கடிகாரம், வீடியோ, போட்டோ, மேனேஜர்கள் சாப்பாடு, எல்லாம் 'நலச் செலவு' என்ற தலைப்பில் பாஸ். சாம்பியன் கொடுத்த இரண்டு பஸ் டிக்கெட்டின் மேல் மட்டும் சிவப்பு மையில் ஒரு கோடு: விருந்தினர் பயணத்துக்கு பட்ஜெட் இல்லை. இரண்டு டிக்கெட்டையும் குண்டூசியிலிருந்து உருவிக்கொண்டு, என் பையிலிருந்த பணத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டரை விட்டேன்.

சென்னை பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தார். சுவர்க்கடிகாரம் மடியில். பணத்தை நீட்டியதும் வாங்கி, எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கடிகாரத்தைத் தூக்கி இடது காதில் வைத்துப் பார்த்தார்.

"இன்னா சார், ஓடலியே இது?"

"பேட்டரி போடலைங்கண்ணே. அது தனியா வாங்கணும்."

"அதான பார்த்தேன்" என்றார்.