சோழியும் 52 நிமிடமும்

கேள்வி: பாகூர், வில்லியனூர் பக்கம் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து வானியல் வரலாறு சொல்கிறார்களே, நாற்று நடுகிறவருக்கு அது எதற்கு? (வாசகர், பாகூர்)

பதில்: இதைப் பாகூர்க்காரரே கேட்கலாமா! 9-ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, உங்கள் ஊர் வித்யாஸ்தானத்துக்கு (கல்விச்சாலைக்கு) மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. வானியலும் உங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் லெ ஜான்தி, வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை அளக்க வந்தவர். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் போனதால் கப்பலே திரும்பிவிட்டது. 1769 ஜூனில் புதுச்சேரியில் காத்திருந்தபோது மேகம் மறைத்தது. (வெள்ளிக்கு அவர்மேல் என்ன கோபமோ!) ஆனால் தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டு போய்ப் பிரான்சில் எழுதினார். 1825-இல் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழி பரப்பி, மனப்பாட வாய்ப்பாட்டை வைத்தே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். ஜான் வாரன் என்பவர் அதைக் குறித்துவைத்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம்தான், முடிவிலோ 52.

"காரணம் தெரியாத மனப்பாடத்தில் என்ன பெருமை?" என்பீர்கள். நியாயம். பழம்பெருமை பேச மட்டும் வருகிறவர் தொலைநோக்கியை வீட்டிலேயே வைத்துவிடலாம். அந்த 52 நிமிடப் பிழை திருத்தப்படாமல் இருந்ததற்குக் காரணமும் அந்த மனப்பாடம்தான். கணக்கு விதி சிலரிடம் மட்டும் இருந்தது. ஏன் அந்த விதி என்று கேட்க ஆளில்லை, திருத்தவும் ஆளில்லை. சந்திர கிரகணத்தைச் சரிபார்க்க வெறுங்கண்ணும் கைக்கடிகாரமும் போதும். நாற்று நடுகிறவரும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் நாள் குறிக்கிறார். காசு கொடுத்து வாங்கிய கணக்கைச் சரிபார்க்கும் உரிமை அவருக்கு இல்லையா? கிரகணத்தில் சாப்பிடலாமா என்பது உங்கள் அடுத்த கேள்வியானால், பதில்: குழம்பு ஆறுவதற்குள்.