வானத்து ஓட்டையும் நம்மூர் ஓட்டையும்

செப்டம்பர் 16 உலக ஓசோன் தினம். பெங்களூருவில் அதைக் கொண்டாட உகந்த இடம் ஏசி அரங்கு. பூமிக்குக் குடை பிடிப்பதுபோல் படம் வரைந்த குழந்தைக்கு உள்ளே பரிசு. வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு நிழல்கூடக் கிடையாது.

பேச்சாளர்கள் நேரே அண்டார்டிகாவுக்குப் போய்விடுவார்கள். 1985-ல் அங்கே ஓசோன் ஓட்டை தெரியவந்தது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம்; 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. ஃபிரிட்ஜிலும் ஸ்பிரேயிலும் இருந்து ஓசோனை அரித்த சிஎஃப்சி வாயு ஒழிந்தது. 2066 வாக்கில் அந்த ஓட்டை அடைபடும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையை உலகம் அடைக்கிறது. கால் இடறும் ரோட்டுப் பள்ளத்தை நம்மால் மூட முடியவில்லை.

பெங்களூருக்கு மேலே ஓட்டை இல்லைதான். ஆனால் சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் வெப்பமண்டலத்தில் இயல்பிலேயே மெலிது. ஊரோ 900 மீட்டர் உயரத்தில். காற்று சிலுசிலுக்கும் நாளிலும் நடுப்பகலில் அந்தக் கதிர் கடுமையாகவே இறங்கும். அதைத் தாங்க நமக்கிருந்த கவசங்கள் இரண்டு: தோலில் மெலனின், தெருவில் மரம். வெள்ளையரைவிட நமக்குத் தோல் புற்றுநோய் வெகு குறைவாக வருவது அந்த மெலனின் தயவால். அந்தக் கறுப்பைப் போக்க கிரீம் விற்கிறோம். மரத்தைப் போக்க டெண்டர் விடுகிறோம்.

1973 முதல் 2012-க்குள் பெங்களூரின் பசுமையில் 66 சதவீதம் போய்விட்டது என்று இங்கிருக்கும் இந்திய அறிவியல் கழக ஆய்வே சொன்னது. அதற்குப் பிறகும் 2016-ல் ஹெப்பால் எஃகு மேம்பாலத்துக்காக எண்ணூறு மரங்களுக்கு மேல் வெட்டத் திட்டமிட்டார்கள். ஜனங்கள் கைகோத்துத் தெருவில் நின்றதால் 2017-ல் பின்வாங்கினார்கள். வாங்கியது பின்னடியே தவிர, புத்தி அல்ல.

மரம் போனால் சூடு, சூட்டுக்கு ஏசி. பழைய ஏசியின் ஆர்-22 வாயு ஓசோனை அரிக்கும். ரிப்பேரில் பைப்பைக் கழற்றி அதைப் 'புஸ்' என்று வானத்துக்கே விட்டுவிட்டு, புது கேஸ் அடித்தால் வேலை முடிந்தது.

உள்ளே இருப்பவனுக்குக் குளிர். குப்பை அள்ளும் பௌரகார்மிகருக்கும் சித்தாளுக்கும் டெலிவரி பையனுக்கும் வெயில். தோலை மெலனின் ஓரளவு காக்கலாம். அதே கதிர் கண்ணில் கண்புரையாக இறங்கும். இவர்களுக்கு ஒரு தொப்பி, ஒரு கறுப்புக் கண்ணாடி, நிழலில் பத்து நிமிடம் கொடுக்க எந்த ஐ.நா. ஒப்பந்தம் வேண்டும்?

ஐயா, மேம்பாலம் திறந்தால் கல்வெட்டு வைக்கிறீர்களே, வெட்டிய மரங்களுக்கும் ஒன்று வையுங்கள்: எத்தனை மரம், யார் கையெழுத்து. வெயிலில் வேகிறவனுக்கு யாரைத் திட்டுவது என்றாவது தெரியட்டும்.