பாஸ்காரர் வாசிக்கறப்போ எழுந்து போ

சனிக்கிழமை ராத்திரி தேனாம்பேட்டையில ஜாஸ் கச்சேரி, பியானோ, பாஸ், டிரம்ஸ்னு மூணே பேர், மூணும் தலை நரைச்ச பெரிசுங்க, அதுக்கு அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போறேங்கறே. போய்ட்டு வா பேராண்டி. நான் திருவாரூர்ப் பக்கத்து ஆளு. நாயனமும் தவிலும் கேட்டு விடிய விடியத் தெருவுல உட்கார்ந்தவன். கச்சேரிக்குப் போறவனைத் தடுக்க மாட்டேன். ஆனா பெரிய எடத்துல எப்படி நடந்துக்கணும்னு உங்கப்பன் சொல்லித் தரலை. நான் சொல்றேன், கேட்டுக்கோ.

முதல்ல லேட்டாப் போ. நேரத்துக்குப் போனா வேலைவெட்டி இல்லாதவன்னு நெனைச்சுக்குவாங்க. மேடைக்குப் பக்கத்து மேஜையாப் பார்த்துப் பிடி. உட்கார்ந்ததும் ஆபீஸ் கதையை ஆரம்பி. டிரம்ஸ் சத்தத்துக்கு மேல உன் குரல் ஏறணும். பேசறது வீணாப் போகுமோன்னு கவலைப்படாதே. போன மாசம் என் காதுல குமிழை மாட்டிவிட்டு பில் எவன்ஸ்னு ஒரு பியானோக்காரர் ரிக்கார்டு போட்டியே, ஞாபகம் இருக்கா? நியூயார்க்ல வில்லேஜ் வேன்கார்ட்னு தரைக்குக் கீழ ஒரு சின்னக் கிளப், 1961 ஜூன் 25, ஞாயித்துக்கிழமை. பகலும் ராத்திரியுமா அஞ்சு தடவை மேடையேறி வாசிச்சிருக்காங்க. அன்னைக்கு வந்தவங்க பேசினதும் சிரிச்சதும் டம்ளர் உரசினதும் அப்படியே பதிவாகி, அறுபது வருஷத்துக்கு மேலாகியும் ஊரெல்லாம் காசு குடுத்துக் கேக்குது. உன் கார் லோன் கதைக்கும் அந்த யோகம் அடிக்கலாம்.

பாஸ்காரர் தனியா வாசிக்க ஆரம்பிச்சார்னா எழுந்து வெளிய போ. சபாவுல தனி ஆவர்த்தனம் வந்தா கேன்டீனுக்கு நடக்கற பரம்பரைடா நாம, அந்தப் பேரைக் காப்பாத்து. மத்தவங்க பேசறப்போ பாஸ் கீழ நின்னு தாங்கிக்கிட்டே இருக்கும். அதுக்கு வாய் தொறக்கக் கெடைக்கறது அந்த ரெண்டு நிமிஷம்தான். அதையும் நீ கேட்டுட்டா பாத்ரூமுக்கு எப்போ போறது? அந்த வேன்கார்ட் ரிக்கார்டுல பாஸ் வாசிச்ச பையன் ஸ்காட் லாஃபாரோ. வயசு 25. பதினோராம் நாள் கார் விபத்துல செத்துட்டான். அதுக்கப்புறம் எவன்ஸ் முதல் ரிக்கார்டுக்குப் பாட்டுப் பொறுக்கினப்போ, அந்தப் பையன் கட்டின மெட்டுல ஆரம்பிச்சு அவன் மெட்டுலயே முடிச்சார். அன்னைக்குப் பக்கத்து மேஜைக்காரன் என்ன தின்னுக்கிட்டிருந்தானோ!

பியானோ மூடி மேல டம்ளரை வை. உள்ள 200-க்கு மேல கம்பி இழுத்துக் கட்டியிருக்கான். நம்ம கடல் காத்து ஈரத்துல பலகை ஊதிச் சுருதி ஏறும், ராத்திரி பூரா ஏசி ஓடினா எறங்கும். சுருதி சேர்க்கறவன் மாங்கு மாங்குனு உழைச்சுட்டுப் போயிருப்பான். நீயும் நாலு சொட்டு ஊத்தி உன் பங்கைச் செய்.

தாளம் போடறதுன்னா சத்தமாத் தொடையில தட்டு. ஒண்ணுலயும் மூணுலயும் தட்டினா ஊர்க்காரன்னு தெரியும். அவங்களுக்கு அழுத்தம் ரெண்டுலயும் நாலுலயும். கடைசியில பியானோ நாலு ஆவர்த்தம், டிரம்ஸ் நாலு ஆவர்த்தம்னு மாத்தி மாத்திக் குடுத்து வாங்கிக்குவாங்க. மிருதங்கமும் கஞ்சிராவும் குறைப்புல பேசிக்கறதைக் கேட்டவனுக்கு அது புதுசே இல்லை. நீதான் அந்த நேரம் கேன்டீன்ல இருந்தியே.

பக்கத்து மேஜையில ஒருத்தன் ஜாஸ்னா நம்ம ராகம்தான்னு ஆரம்பிப்பான். தலையாட்டு. 1958-ல டேவ் புரூபெக்னு ஒரு ஜாஸ் பியானோக்காரரை அமெரிக்க அரசாங்கம் ஊர் ஊரா அனுப்பிச்சு, மெட்ராஸுக்கும் வந்தார். அவரோட டிரம்ஸ்காரர் ஜோ மொரெல்லோவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. நம்ம பக்கம் பழநி சுப்பிரமணிய பிள்ளை, இடக்கையால மிருதங்கம் வாசிக்கற மகான். ரெண்டு பேரும் சந்திச்சுக் கையோட கை பேசிக்கிட்டாங்க. அடுத்த வருஷமே புரூபெக் குழுவோட ரிக்கார்டுல அஞ்சு அட்சரத்துல 'டேக் ஃபைவ்' வந்துச்சு. உடனே நம்ம கண்ட சாபுவைத் திருடிட்டான்னு கொடி பிடிக்காதே. அது சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட் போட்ட மெட்டு. அதே ரிக்கார்டுல ஒன்பதுல வர்ற பாட்டுக்குப் புரூபெக் கைகாட்டினது துருக்கித் தெருப் பாட்டுக்காரங்களை. இன்னொண்ணு, அப்போ மெட்ராஸ்ல மதுவிலக்குடா. கூட்டம் காபி வாசனையோட உட்கார்ந்து கேட்டிருக்கும். உன்னை மாதிரிப் பையன்கள் பாடு கஷ்டம்தான்.

நம்ம ஊர்லயே மாதவ் சாரின்னு ஒருத்தர் இருந்தார். கணக்கு படிக்க அமெரிக்கா போனவர், ஜாஸ் பியானோக்காரராத் திரும்பி வந்தார். ஸ்விங் இல்லாததை ஜாஸ்னு சொன்னா விட மாட்டார். 2015-ல போய்ச் சேர்ந்துட்டார். இருந்திருந்தா நீ பியானோகிட்டப் போய் 'ஹேப்பி பர்த்டே' கேக்கறப்போ அந்த மூஞ்சியைப் பார்க்கறதுக்காகவே நான் டிக்கெட் எடுத்திருப்பேன்.

அந்தப் பொண்ணு வாசிப்புல சொக்கிப்போய் உன்னைத் திரும்பியே பார்க்கலைன்னா வருத்தப்படாதே. பொண்ணு நல்ல காது உள்ளவ. உனக்கு எப்படி ஒத்துக்கிட்டாங்கறதுதான் எனக்கு வெளங்கலை.

அப்புறம், எனக்கும் ஒரு சீட்டுப் போட்டு வை. வேட்டியோட விட மாட்டாங்க தாத்தான்னு இழுக்காதே. 2014-ல ஒரு கிரிக்கெட் கிளப்பு ஐகோர்ட் நீதிபதியையே வேட்டி கட்டினதுக்காக வாசல்ல நிறுத்திச்சு. அதே வருஷம் சட்டசபையில சட்டம் வந்தாச்சு. கிளப்புல வேட்டியைத் தடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் உள்ள, 25,000 ரூபா அபராதம். அந்தப் பேப்பர்த் துண்டை மடியில முடிஞ்சு வெச்சிருக்கேன். வாசல்ல நிக்கற கோட்டுக்காரன்கிட்ட நானே பேசிக்கறேன். நீ பொண்ணோட முன்னால நட, என் பேரன்னு காட்டிக்க வேண்டாம்.