ஹென்ஸ் புராணம்

கேள்வி: ‘ஹென்ஸ்’, ‘தேர்ஃபோர்’ இரண்டுக்கும் தமிழில் ‘ஆகவே’ என்றே பொருள் சொல்லுகிறார்கள். ஒரே பொருளுக்கு எதற்காக இரண்டு சொற்கள்?
(கல்லூரி மாணவர் ஒருவர், திருச்சிராப்பள்ளி)

பதில்: ‘ஆகவே’, ‘ஆதலால்’, ‘ஆகையால்’, ‘எனவே’ என்று நான்கை மடியில் முடிந்துகொண்டு திரிகிற நாம், வெள்ளைக்காரன் கையிலுள்ள இரண்டின்மேல் கண் வைப்பது தர்மமாகாது. ஆயினும் பேதம் உண்டு. ஹென்ஸ் என்பது ஆதியில் தர்க்கத்தோடு யாதொரு சம்பந்தமுமின்றி, ‘இங்கிருந்து’ என்ற இடப்பொருளை மாத்திரம் உணர்த்தி வந்த சொல். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீஸர்’ நாடகத்தில் திரை விலகியதும் காதில் விழுகிற முதல் வார்த்தையே அதுதான். வேலையை விட்டு வீதியில் திரண்ட தொழிலாளரை ‘இங்கிருந்து தொலையுங்கள்’ என்று அதிகாரி ஒருவன் விரட்டுகிற அந்த இடத்தில் ‘ஆகவே’ என்று மொழிபெயர்ப்பவர், சபையோரையும் சேர்த்து விரட்டியவராவார். இடத்தைக் குறித்த சொல் பின்பு காலத்துக்கும் குடிபெயர்ந்து, ‘பத்து வருஷம் ஹென்ஸ்’ என்றால் ‘இன்றைக்குப் பத்து வருஷம் கழித்து’ என்றாயிற்று. அதே சொல்தான், காரணத்தில் நின்றுகொண்டு ‘இங்கிருந்து’ காரியத்துக்குப் புறப்படும் பிரயாணியாகித் தர்க்க சாஸ்திரத்திலும் நுழைந்துவிட்டது.

பிரயோகத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ‘பாலம் உடைந்தது, ஹென்ஸ் இந்தத் தாமதம்’ என்று வினைச்சொல்லே இல்லாமல் ஒரு பெயர்ச்சொல்லோடு அது திருப்தியடைந்துவிடும். தேர்ஃபோருக்கோ எழுவாய், பயனிலை எல்லாம் பரிமாறி முழு இலை போட்டாக வேண்டும்.

கேள்வி: ‘ஃப்ரம் ஹென்ஸ்’ என்று எழுதியதற்காக மேலதிகாரி என் நகலைக் கிழித்தெறிந்தார். நான் செய்தது அவ்வளவு பெரிய பிழையா?
(குமாஸ்தா ஒருவர், மதுரை)

பதில்: ‘இங்கிருந்திலிருந்து’ என்று எழுதியிருக்கிறீர். ‘நடுசென்டர்’, ‘கேட்டுக் கதவு’ என்று பேசுகிற ஊரில் இது பெருங்குற்றமாகாது. ஆனால் உம்முடைய மேலதிகாரியின் கட்சியில் டாக்டர் ஜான்சன் இருக்கிறார். 1755-இல் வெளிவந்த தம் அகராதியில் இந்தப் பிரயோகத்தை அவர் கண்டித்திருக்கிறார். உமது கட்சிக்கு ஒரு சாக்ஷி வேண்டுமானால், 1611-ஆம் வருஷத்து ஆங்கில வேதாகமத்தில் 121-ஆம் சங்கீதத்தைப் புரட்டிப் பாரும். ‘ஃப்ரம் வென்ஸ்’ என்று இதே குடும்பத்துப் பிழை அங்கே கம்பீரமாக வீற்றிருக்கிறது. காட்டுவதானால், பதவி உயர்வு உத்தரவு கைக்கு வந்த பிறகு காட்டும்.

கேள்வி: ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், தேர்ஃபோர்...’ என்று தொடங்கும் என் மகனுடைய லீவு லெட்டரில் உபாத்தியாயர் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். ஜ்வரம் உண்மைதானே?
(தகப்பனார் ஒருவர், சேலம்)

பதில்: ஜ்வரம் உண்மை, வைத்தியர்தாம் ஒருவர் அதிகம். ‘ஆஸ்’ என்பதே ‘ஆனபடியால்’ என்று காரணத்தைச் சுமந்து வந்துவிட்ட பிறகு, ‘தேர்ஃபோர்’ அதே சுமையைத் தூக்க மறுபடியும் கைநீட்டுகிறது. இரண்டில் ஒன்றை நீக்கிவிட்டால் வாக்கியம் குணமாகும்.

கேள்வி: க்ஷேத்திர கணிதத்தில் ‘ஆகவே’ என்பதற்கு மூன்று புள்ளி வைக்கிறோமே, ஆரம்பித்து வைத்தவர் யார்?
(மாணவி ஒருத்தி, நாகர்கோவில்)

பதில்: யோஹான் ரான் என்ற ஸ்விட்ஸர்லாந்துக்காரர், 1659-இல் வெளியிட்ட தம் பீஜ கணித நூலில்.

கேள்வி: மேடையில் பேசுகிறவர்கள் மூச்சுக்கு மூச்சு ‘ஆகவே’ என்கிறார்கள். அதனால் பேச்சில் நியாயம் வந்துவிடுமா?
(வழக்கறிஞர் ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல, இம்மலையும் புகையுடையது, ஆகவே நெருப்புடையது. இவ்வாறு நான்கு படி ஏறிய பிறகே ஐந்தாவதான நிகமனத்தில் ‘ஆகவே’க்கு ஆசனம் அளித்தார்கள் நம் நையாயிகர்கள். மணிமேகலையில் அறவண அடிகளோ, நான்காம் படியான உபநயமும் இந்த நிகமனமும், மூன்றாம் படியாகிய திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கும் என்று கூறி, அந்த ஆசனத்தையும் எடுத்துவிடுகிறார். தாங்கள் குறிப்பிடும் பிரசங்கிகள் இந்த இரு கட்சியிலும் சேராமல், ‘ஹாம்லெட்’ நாடகத்து வெட்டியானைச் சார்ந்தவர்கள். மனிதன் தண்ணீரிடம் போனானா, தண்ணீர் மனிதனிடம் வந்ததா என்று அவன் கையில் மண்வெட்டியோடு விசாரித்து, ‘எர்கோ’ என்ற லத்தீன் ‘ஆகவே’யை ‘ஆர்கல்’ என்று சிதைத்து, அதைச் சொல்லிச் சொல்லியே தீர்ப்பளிக்கிறான். ஒன்று சொல்லவேண்டும்: அவன் பேச்சைக் கேட்டு நானூறு வருஷங்களாக ஜனங்கள் சிரிக்கிறார்கள், இவர்கள் பேச்சுக்குக் கை தட்டுகிறார்கள்.

கேள்வி: ஆகவே, இதைப் பற்றித் தங்கள் அபிப்பிராயம் என்ன?
(பெயர் இல்லை, ஊர் முத்திரை அழிந்துள்ளது)

பதில்: முதல் தாளையும் அனுப்பி வையுங்கள்.