தண்ணீருக்குத் தவம் கிடக்கும் மோட்டார்

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவுக்குள் படகு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, காரப்பாக்கத்தில் மாட்டிக்கொண்ட ஆமிர் கானே படகில்தான் வெளியே வந்தார். தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கமோ ஏரிகளுக்கு நடுவே பட்டா வாங்கிக் குடியேறிய ஊர்; சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என்று ஏரிக்கு ஏரி வழிந்து, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிற தண்ணீர் வழியில் யார் வீடு இருக்கிறது என்று விசாரிப்பதில்லை. ஆகவே இந்த ஊரில் ஒருவர் சின்ன ஃபைபர் படகும், அதற்கு ஒரு செகண்ட் ஹேண்ட் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரும் வாங்கினால் நான் சிரிக்க மாட்டேன். என் வாதம் வேறு. அந்த மோட்டாருக்கு வெள்ளத்தால் ஆபத்து கொஞ்சம்தான். வெள்ளம் வராத மாதங்களால்தான் பெரிய ஆபத்து. அத்தனை மாதமும் அதற்கு ஊழியம் செய்யத் தயாராக இல்லாதவர் வாங்கியிருப்பது மோட்டார் அல்ல, 35 கிலோ அலுமினியம்.

காரணம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. பெரும்பாலான அவுட்போர்டு மோட்டார்களுக்கு ரேடியேட்டர் கிடையாது. எந்தத் தண்ணீரில் நிற்கிறதோ அதையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். உறிஞ்சும் வேலையைச் செய்வது இம்பெல்லர் என்கிற சின்ன ரப்பர் சக்கரம். தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் அது உராய்ந்தே கருகிவிடும். சும்மா போட்டுவைத்தாலோ அதன் இதழ்கள் மடிந்த வாக்கிலேயே விறைத்துப்போகும். “இப்பத்தான் சார் மாத்தினேன்” என்று விற்றவர் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தாலும், வாங்கியவர் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். அடுத்தது கியர் ஆயில். கீழ்த் திருகைக் கழற்றும்போது வடிவது பால் காபி நிறத்தில் இருந்தால், சீல் போய்த் தண்ணீர் உள்ளே குடியேறிவிட்டது என்று பொருள். மூன்றாவது பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. போன மழைக்கு ஊற்றி மிச்சம் வைத்த பெட்ரோல் இந்த மழைக்குள் பிசினாகிக் கார்புரேட்டர் துளையை அடைத்திருக்கும். கடற்கரையிலிருந்து வந்த மோட்டார் என்றால் இவற்றோடு உப்பும் இலவசம்.

இவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுக்கும் வழி சுலபமானது: மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுவது. எதில் ஓட்டுவது என்பதில்தான் ராஜகீழ்ப்பாக்கத்தின் விதி சிரிக்கிறது. டிசம்பரில் ஆளை மூழ்கடிக்கும் ஊர், மே மாதத்தில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும். படகு மோட்டாரைச் சோதிக்க ஒரு பெரிய ட்ரம் தண்ணீர் வேண்டும். உறிஞ்சு துளை முழுக்க மூழ்க வேண்டும். பின்பக்கத்துச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்க்க வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் உடனே அணைக்க வேண்டும். ஓட்டி முடித்த தண்ணீரில் டூ ஸ்ட்ரோக் ஆயில் படலம் மிதக்கும். அது செடிக்கும் ஆகாது, பாத்திரத்துக்கும் ஆகாது. அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில், வெள்ளத்துக்கு முன்னேற்பாடாகத்தான் கோடையில் ஒரு ட்ரம் தண்ணீரைப் பாழாக்கினேன் என்று விளக்குவதற்கு மோட்டாரைவிடக் கனமான தைரியம் வேண்டும்.

“இன்வெர்ட்டரும்தான் சும்மா கிடக்கிறது, தேவைப்படும்போது வேலை செய்யவில்லையா?” என்பார்கள். இன்வெர்ட்டர் சும்மா கிடப்பதில்லை. நம் மின்வெட்டு அதற்கு அடிக்கடி பயிற்சி கொடுத்துவிடுகிறது. “டூ ஸ்ட்ரோக்தானே, கேம்ப் ரோடு பைக் மெக்கானிக்கே பார்த்துவிடுவார்” என்பது பாதி உண்மை. பிளக்கும் கார்புரேட்டரும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தண்ணீர் பம்ப்தான் அவர் பார்த்திராதது. “கோவளத்து மீனவர்கள் இவ்வளவு பயப்படுகிறார்களா?” என்பது நல்ல கேள்வி. அவர்கள் மோட்டார் அடிக்கடி கடலுக்குப் போகிறது. பெட்ரோல் பழசாக நேரமில்லை, இம்பெல்லர் விறைக்க நேரமில்லை, கோளாறு சின்னதாக இருக்கும்போதே காதுக்குத் தெரிந்துவிடும். 2015இல் மீனவர்கள் தங்கள் படகுகளோடு சென்னைக்குள் வந்து அத்தனை பேரைக் காப்பாற்ற முடிந்தது, அந்தப் படகுகள் நவம்பரிலும் வேலையில் இருந்ததால்தான். வெள்ளம் வந்த பிறகு உறைபிரித்த மோட்டாரால் அது நடந்திருக்காது.

இன்னொரு ஆட்சேபம் எஞ்சியிருக்கிறது: வெள்ளத்தன்றைக்கு ஒரே ஒருநாள் ஓடினால் போதாதா? தெருவெள்ளம் கடல் அல்ல. அதில் பிளாஸ்டிக் கவர் மிதக்கும், தென்னை மட்டை மிதக்கும். கண்ணுக்குத் தெரியாமல் வேகத்தடையும் பைக்கும் காம்பவுண்டுச் சுவரும் கிடக்கும். கவர் ஒன்று உறிஞ்சு துளையை மூடினால் மோட்டார் சூடாகி நிற்கும். விசிறி வேகத்தடையில் மோதினால் அதைக் காக்க வந்த ஷியர் பின் முறியும். இடுப்பளவுத் தண்ணீரில் படகைக் கயிறு கட்டி இழுப்பவர்தான் பல தெருக்களில் நம்பகமான எஞ்சின்.

எனவே வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் ஆயுத பூஜை வருகிறது. அன்று மோட்டாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பதற்கு முன், இம்பெல்லரையும் கியர் ஆயிலையும் பிளக்கையும் மாற்றி, பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, ட்ரம்மில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். மற்ற மாதங்களிலும் அந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். இதற்கெல்லாம் பொறுமையில்லை என்றால் இரண்டு துடுப்பும் ஒரு நீளக் கயிறும் வாங்கிவையுங்கள். அவற்றுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் தேட வேண்டியதில்லை.