வார போயாவுக்குப் பார்த்துக்கலாம்

டிக்கோயாக் கடைத்தெருவில் 'பொறுப்பு அண்ணன்' எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். கோயில் திருவிழாக் கமிட்டிக்குச் செயலாளர், மரண உதவிச் சங்கத்துக்குப் பொருளாளர், விளையாட்டுக் கழகத்துக்குப் போஷகர். கழகத்தின் மட்டைகள் கிடக்கும் பெட்டிச் சாவி அவரிடம்தான். பையன்கள் பலகைத் துண்டில் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

இப்படிப்பட்டவர் கண்ணில் டெபியன் பட்டால் விடுவாரா? 1993இல் இயன் மர்டொக் தொடங்கிய இந்த இயங்குதளத்தை இன்றும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். 2025 ஓகஸ்ட்டில் வெளிவந்த 13ஆம் பதிப்பில் பொதிகள் மட்டும் ஏறக்குறைய 70 ஆயிரம். ஒவ்வொரு பொதிக்குள்ளும் ஒரு கோப்பு. அதில் 'மெயின்டெய்னர்' என்றொரு வரி. அங்கே பராமரிப்பவர் பெயர். அந்த வரியைப் பார்த்த அண்ணன் அதற்குப் பிறகு வேறு வரி எதையும் பார்க்கவில்லை. தமிழ் எழுத்துரு ஒன்று, விசைப்பலகை ஒன்று, பஞ்சாங்கம் கணிப்பது ஒன்று, எதற்கென்று அவருக்கே மறந்துபோன இன்னும் சில. எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு.

அந்த எழுத்துருவில் 'கொழுந்து' என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு ககரத்தோடு கோபித்துக்கொண்டு தள்ளி நிற்கும். பொகவந்தலாவையில் ஒரு தங்கச்சி வழுவைக் கண்டுபிடித்து, திருத்தத்தையும் தானே எழுதி அனுப்பிவிட்டாள். ஏற்றிவிடுவது மட்டும்தான் பாக்கி.

"ரொம்ப நன்றி தங்கச்சி. வார போயாவுக்குப் பார்த்து ஏத்திடுறேன்."

போயா மாதாமாதம் வரும். வெசாக் போனது, பொசன் போனது, எசலயும் போனது. கொம்பு நின்ற இடத்திலேயே நின்றது.

இந்த மாதிரி ஆட்களுக்கென்றே டெபியனில் 2018இல் ஒரு வழி செய்தார்கள். கவனிப்பாரற்ற பொதியை இன்னொருவர் எடுக்க விரும்பினால் அறிவித்துவிட்டு 21 நாள் பொறுக்க வேண்டும். பழையவர் மறுப்புச் சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். தங்கச்சி அறிவித்தாள். இருபது நாளும் அண்ணன் மூச்சுவிடவில்லை. இருபத்தோராம் நாள் இராத்திரி ஒரு மின்னஞ்சல்:

"ஏம்மா, நான் இல்லைன்னு யாரு சொன்னது? இங்க அடைமழை, கரண்டு இல்ல. நான்தான் பார்க்கிறேன். வார போயாவுக்கு..."

நேரில் கேட்டால் பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே குரலைத் தாழ்த்துவார். "தம்பி, எக்ஸ்இசட் கதை தெரியும்தானே? நம்பிக் குடுத்தா என்னா நடக்கும்னு பார்த்தோம்ல?"

தெரியும்தான். லாஸே கொலின் என்பவர் அந்தச் சுருக்குக் கருவியைப் பல வருஷம் ஏறத்தாழத் தனியாளாகச் சுமந்து களைத்துப்போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, நல்ல பிள்ளையாய் வேலை செய்து, பொறுப்பையும் வாங்கிக்கொண்டு கள்ளக் கதவு வைத்தார். 2024 மார்ச்சில், தொலைக் கணினிக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாகிறதே என்று துருவிய அன்ட்ரெஸ் ஃப்ரொய்ண்ட் அதைப் பிடித்தார். இதில் அண்ணனுக்குப் பட்டது 'யாருக்கும் கொடுக்காதே' என்பது மட்டும். தனியாளின் முதுகில் எல்லாவற்றையும் ஏற்றியதால் வந்த வினை என்பது படவில்லை.

தோட்டத்தில் இந்தக் கூத்து நடக்காது. நிரையைப் பிடித்துக்கொண்டு கொழுந்து எடுக்காமல் நின்றால், முற்றிப்போகும் முன் கங்காணி அடுத்த ஆளை இறக்கிவிடுவார். டெபியனில் கங்காணி கிடையாது. யாரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்று அதன் யாப்பிலேயே எழுதியிருக்கிறது. அண்ணன் முழுசாகப் படித்த ஒரே ஆவணம் அதுவாகத்தான் இருக்கும்.

அதே யாப்பைக் காட்டி, முடியாவிட்டால் விட்டுவிடவும் செய்யலாமே என்றேன். ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும். வேறு ஆள் கிடைக்கும்வரை பொதியைத் தரக் குழு பார்த்துக்கொள்ளும். அண்ணன் முகம் வாடிவிட்டது. "அப்ப என் பேரு?"

வாசகர்களில் யாருக்காவது மாதம் ஒரு மாலை ஒழியுமானால், அந்த எழுத்துருவுக்குத் தங்கச்சியோடு துணைப் பராமரிப்பாளராக ஒருவர் வேண்டும். தயவுசெய்து அண்ணனிடம் மட்டும் சொல்லாதீர்கள். உடனே சம்மதித்துவிடுவார்.